என்னை மட்டும் அதட்டி வளர்த்த அக்காவுக்கு

என் செல்லச் சண்டைக்காரி அக்கா,

உன்னிடம் நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ எங்கே இருந்தாலும் அங்கே நாலு பேரை நிற்க வைத்து வேலை வாங்கிக்கொண்டுதான் இருப்பாய். எனக்குத்தான் நலமில்லை. வயிறு எரிகிறது. மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை இது, பொறாமை. பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் இப்படி ஒரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உன் ஆயர் ஈத்தாம் வீடு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. "பூட்டி வச்சு என்ன செய்யறது, வாடகைக்கு விட்டுடலாம் லா" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன். காசுக்காக இல்லை. அங்கே குடித்தனம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் செமாய்ப் பிள்ளைகள் வந்து கூடம் நிறைய உட்கார முடியாது, அதற்காகத்தான். உனக்குக் கோபம் வருகிறதா? வரட்டும்.

அவர்களை நான் முதலில் உன் வாயால்தான் அறிந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உன் லைனுக்கு, பேராக் மலையோரத்துச் செமாய்ப் பூர்வகுடிப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் மேலாளர் ஒரு சத்தம் போட்டால் போதும், மறுநாள் ஹாஸ்டலில் படுக்கை காலியாகிவிடும். சோம்பேறிகள் என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். நீ மட்டும் லீவு போட்டு, அதில் ஒருத்தியோடு அவள் ஊருக்கே போய்விட்டு வந்தாய்.

"அவங்க ஊர்ல பெத்த புள்ளையக்கூட கட்டாயப்படுத்த மாட்டாங்கடி. வேணாம்னு சொன்னா, அதோட விட்டுடுவாங்க. அதட்டறதுதான் அங்க பெரிய தப்பு" என்று அதிசயமாகச் சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அவர்கள் ஊரிலிருந்தே ஓர் அம்மாவை மாதம் ஒருமுறை பஸ்ஸில் வரவழைத்தாய். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் பேசுவார். பட்டணத்தில் பிழைக்கவும் வேண்டும், தங்கள் வழக்கத்தை விட்டுவிடவும் கூடாது. அதற்கு வழி என்ன என்பதுதான் பேச்சு. நீ அடுப்படியிலேயே இருந்துவிடுவாய். "பேங்க்ல போய் பேச நான் சொல்லிக் கொடுப்பேன். அவங்க அவங்களா இருக்கறதுக்கு நான் எப்படிடி சொல்லிக் கொடுக்கறது? அதுக்கு அவங்க ஆளுதான் வரணும்" என்றாய்.

நல்ல காரியம்தான், ஊரே மெச்சியது. ஆனால் அக்கா, நான் எந்தக் கணக்கில் சேர்த்தி?

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது நீ. எத்தனை குட்டு, எத்தனை கிள்ளு! கணக்குப் பாடம் வேண்டாம் என்றேன், காதைப் பிடித்து உட்கார வைத்தாய். தலையில் எண்ணெய் வேண்டாம் என்றேன், கால்களுக்கிடையே என்னை இடுக்கிக்கொண்டு தேய்த்தாய். என் கல்யாணப் புடவையின் நிறத்தைக்கூட நீதான் முடிவு செய்தாய். அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் "வேணாம்னா விடும்மா" என்று தேனாய்ப் பேசுவாயாம். அந்தத் தேனில் ஒரு சொட்டு எனக்கு மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

பிறகு நீ என்னை அதட்டுவதையும் நிறுத்திவிட்டாய். அதுதான் இன்னும் மோசம். எதைக் கேட்டாலும் "உனக்கு எப்படி தோணுதோ அப்படி செய்டி" என்றாய். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் உன் வீடு. சனிக்கிழமை வந்தால் உன் போனுக்குக் காத்திருப்பேன். பேசுவாய், அந்தப் பிள்ளைகள் சிரித்தது, சாப்பிட்டது எல்லாம் சொல்வாய். 'நாளைக்கு நீயும் வா' என்ற ஒரு வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வராது. புது மாடு வந்ததும் பழைய மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். உன் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் ரோசிலா, நீ போனில் ஓயாமல் புகழ்வாயே, அவளேதான். கூடவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள். வடை சுட்டு எடுக்கும்போது அந்தப் புதுப்பெண் பார்த்துவிட்டு, ஒன்று கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்டாள். படைக்காமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டில் என்றைக்குமே அப்படித்தானே? ரோசிலாவின் முகம் மாறியது. நான் சூடம் எடுக்கத் திரும்பிய நேரத்தில், உன் இலையிலிருந்தே ஒரு வடையை எடுத்து, பிட்டு, அந்தப் பெண்ணின் வாயில் வைத்துவிட்டாள்.

"படையல எச்சில் பண்ணிட்டியே! அறிவிருக்கா?" என்று கத்தினேன். அதட்டினால் அவர்கள் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ரோசிலா மட்டும் போகவில்லை.

அவள் மலாயில்தான் பேசினாள், 'அக்கா' மட்டும் தமிழில். "இதுக்கு எங்க ஊர்ல 'புனான்'னு பேரு அக்கா. ஒருத்தர் ஆசைப்பட்டுக் கேட்டத கொடுக்காம விட்டா, கேட்டவங்களுக்குத்தான் ஆபத்து. கீழ விழுவாங்க, பாம்பு கடிக்கும். கொடுக்காதவங்க மேலதான் தப்பு. பெரிய அக்காவுக்கு இது தெரியும். படைக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குன்னு தனியா ஒரு சட்டியில எடுத்து வச்சிடுவாங்க."

அடிப்பாவி அக்கா! அம்மாவின் திதியன்று வடையை முகர்ந்து பார்த்ததற்கே என் கையில் கரண்டியால் அடித்தவள் நீ. இவர்களுக்குத் தனிச்சட்டியா? அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. "உங்களுக்குன்னா எல்லாம் செய்வா. என்னை ஒரு ஞாயித்துக்கெழமைகூட வான்னு கூப்பிட்டதில்ல" என்று, முன்பின் பழகாத பெண்ணின் முன்னால் தேம்பி அழுதேன்.

அவள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "நாங்க கேட்டோம் அக்கா, உங்க தங்கச்சி ஏன் வர்றதில்லன்னு. 'சின்ன வயசிலேர்ந்து அவள அதட்டியே எல்லாத்தையும் செய்ய வச்சிட்டேன். இது ஒண்ணுக்காவது அவளா ஆசைப்பட்டு வரட்டும்'னு சொன்னாங்க. ஆனா வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாங்க."

அக்கா, அவர்களிடம் கற்றதை நீ என்னிடமா பரீட்சை பார்த்தாய்? நான் என்ன செமாய்ப் பெண்ணா? உன் கையால் அடி வாங்கி வளர்ந்தவள். நீ அதட்டாவிட்டால் என்மேல் ஆசை போய்விட்டது என்றுதானே எனக்குப் படும்? "ஏய், வாடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கட்டின துணியோடு வந்திருப்பேனே. நீ அங்கே எட்டிப் பார்த்தாய், நான் இங்கே போனைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ரோசிலா என் கையைப் பிடித்தாள். "அப்ப உங்களுக்கும் புனான்தான் அக்கா, ஆசைப்பட்டது கிடைக்காம போச்சே. ஞாயித்துக்கெழமை வாங்க" என்றாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ யோசித்தாள். பிறகு திடீரென்று குரலை உயர்த்தி, "கண்டிப்பா வரணும்! வரலன்னா எனக்குக் கோவம் வரும்!" என்று அதட்டினாள். பிறந்ததிலிருந்து யாரையும் அப்படி அதட்டியிருக்க மாட்டாள் போலிருக்கிறது. சொன்ன வேகத்தில் அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டை வாடகைக்கு விடவில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாளை ஞாயிறு, அவர்கள் ஊர் அம்மாவும் வருகிறாராம். புதுப்பெண்ணை எப்படியாவது கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள் ரோசிலா. உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. முதல் வடை அந்தப் பெண்ணுக்குத்தான்.

பொறாமை போய்விட்டதென்று நினைக்காதே. நீ எட்டிப் பார்த்ததைப் பார்த்தவர்கள் அவர்கள், நான் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன். உன் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும். அவர்களில் ஒருத்தியைக்கூட இனி அதட்ட மாட்டேன். என்னைக் கூப்பிடாமல் இருந்தாயே, அதற்கு மட்டும் உன்னை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருக்கும்
உன் தங்கச்சி