பாப்பம்மாவின் மூன்று விரல்களுக்கான நட்டஈடு

அனுப்புநர்:
சி. தியாகராஜா,
பித்தளைக் கடை ஊழியர்,
பிலிமத்தலாவை.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
தொழில் அலுவலகம், கண்டி.

பொருள்: தேயிலைத் தொழிற்சாலையில் விரல்களை இழந்த என் அக்காவுக்கு நட்டஈடு மறுக்கப்பட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. நாவலப்பிட்டிக்கு அருகே ரோஸ்கிளிஃப் தோட்டத்தில் என் இரு அக்காமாரும் வேலை செய்கிறார்கள். மூத்தவர் பாப்பம்மா கொழுந்து பறிப்பவர். இளையவர் இராஜேஸ்வரி தொழிற்சாலையில், கொழுந்தை அரைத்துச் சுருட்டும் ரோலர் அறையில் இருப்பவர். தொழிற்சாலைக்கு இரண்டு நாள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே முடியாதவருக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவர் போவது எங்கள் லயக் குடியிருப்புகளில் வழக்கம். இது தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும்.

2. சென்ற ஜனவரி 19ஆம் திகதி, ஏழு மாதக் கர்ப்பிணியான இராஜேஸ்வரிக்குக் காய்ச்சல். பாப்பம்மா அக்கா போனார். "என்னா பாப்பம்மா, தங்கச்சிக்கு முடியலையா?" என்று கேட்டுத்தான் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் உள்ளே விட்டார். பத்து மணிக்குள் ரோலர் அக்காவின் வலக்கை விரல்கள் மூன்றை எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரித் துண்டு இணைக்கப்பட்டுள்ளது.

3. தோட்ட நிர்வாகத்தின் பதில்: வருகைப் பதிவேடான செக்ரோலில் அன்று இராஜேஸ்வரியின் பெயரே உள்ளது, அவருக்குக் காயமில்லை. பாப்பம்மா அன்று வேலையில் இல்லை. அப்படியானால் ரோலரில் கிடந்த விரல்கள் யாருடையவை, ஐயா?

4. இம்மனுவை எழுத அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. "வெரலு போனது போகட்டும்டா தம்பி. தங்கச்சி பேர வெட்டிட்டா, புள்ளத்தாச்சி என்னா செய்வா?" என்றார். இப்போது இடக்கையால் சோறு பிசைகிறார். பாதி கீழே சிந்துகிறது. அதைப் பார்த்து எங்களுக்கு முன் அவரே சிரித்துவிடுகிறார். நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது அவருக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் அவர் கைநாட்டு வைத்ததில்லை. இம்மனுவில் வைத்திருக்கிறார்.

5. நிரந்தர உறுப்பிழப்புக்கான நட்டஈடும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கான அரைமாதக் கொடுப்பனவும் அக்காவுக்குச் சட்டப்படி உரியவை. நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. டீமேக்கரை அழைத்து விசாரித்து அவற்றைப் பெற்றுத் தாருங்கள். இதற்காக இராஜேஸ்வரியின் வேலை பறிபோகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலிமத்தலாவை
02.03.1981

தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,
சி. தியாகராஜா

சி. பாப்பம்மா (இடது பெருவிரல் அடையாளம்)

சாட்சி: ஜனவரி 19ஆம் திகதி நான் வேலைக்குப் போகவில்லை. எனக்காகப் போனது என் அக்கா. இதனால் என் வேலை போனாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.
சி. இராஜேஸ்வரி