கரீமுக்கு, ஆற்றில் மேய்ந்த பறவையைப் பற்றி

என் பிரியமுள்ள கரீமு,

நீ போன பிறகு நான் எழுதக் கற்றுக்கொண்டேன், தெரியுமா? மருமகள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வரி முடிவதற்குள் வாயில் வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் சுகமாக இருக்கிறது.

முதலில் உன் வீட்டுச் செய்தி. உனக்காகத் துக்கம் காத்த இத்தா நாட்கள் முடிந்தும் உன் பெண்டாட்டி, என் பாபி, சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. "அந்தம்மாவும் ஜாஸ்தி நாள் தாங்காது" என்று வாணியம்பாடிக் கடைத்தெருவில் என் காதுபடவே பேசினார்கள். பயந்துவிட்டேன்.

மழை விட்டதும் பாலாற்றில் ஒரு பறவை தனியாக மேய்ந்தது. மூக்கு அரிவாள் மாதிரி. நம் தோல்ஷாப்பு லீவு விடுகிற வெள்ளிக்கிழமைகளில் நீ பறவைக்குக் கண்ணி வைப்பாயே, அது நினைவுக்கு வந்தது. நீ எதைக் கொண்டுபோனாலும் துரை வீட்டுச் சமையல்காரருக்கு ஒரே இங்கிலீஷ் பெயர்தான். மண் நிறக் கோட்டானும் கர்லு, பனைமரத்துக் கறுப்பு அன்றிலும் கர்லு, கல்லாங்குத்துத் தரிசில் ஓடுகிற முட்டைக்கண் பறவையும் கர்லு. அதற்கு மூக்கே வளையவில்லையே! கப்பலேறி வந்தவர்களுக்கும் பெயருக்குப் பஞ்சமா? நாம் மட்டும் என்ன? பொந்தில் அலறுவதும் கோட்டான், ஆற்றில் மேய்வதும் கோட்டான், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நம் மேஸ்திரியும் கோட்டான். இதில் யார் பெயரை யார் எடுத்துக்கொண்டது?

உன்னிடம் கேட்க முடியாது. நீ பிடித்துவந்ததையெல்லாம் இறகு பிய்த்து ஆய்ந்தது பாபிதானே? உன் வாசலில் போய் நின்றேன்.

"பாபி, வளைஞ்ச மூக்கு, மங்கலா இருக்குது, ஒத்தையா மேயுது. இன்னா பறவை அது?"

வாசல் படுதாவுக்குப் பின்னால் பாபி எழுந்து வந்து நின்றார். பிறகு, "கால் இன்னா கலரு?"

கரீமு, பாபி பேசியே விட்டார்!

"பாக்கலையே பாபி."

"செவப்புன்னா அன்றிலு, சாம்பல்னா கோட்டானு. இத்தினி வயசாச்சு, காலைப் பாக்காமயா வந்தீங்க? போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே."

ஓடினேன். திரும்பி வந்து, "முட்டி வரைக்கும் சேத்துல நிக்குது பாபி" என்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். "உங்க தோஸ்து இருந்தா கெளப்பி விட்டிருப்பாரு. வண்டி கட்டுங்க, நானே வர்றேன்."

படுதா கட்டின வண்டியை ஆற்றோரம் நிறுத்தினேன். பறவை முட்டிச் சேற்றிலேயே அடி மேல் அடி வைத்து நடந்து சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. துணி விலகியது.

"இப்டியா நடக்கும் இது?" என்றார் பாபி. "செத்ததைத்தான் பாத்திருக்கேன். அவரு ஒருநாளும் சொல்லலையே."

ஏன் சொல்லாமல் விட்டாய், கரீமு?

நான் கைதட்டினேன். அது கூவிக்கொண்டே எழும்பியது. "காலு பாபி, காலு! இன்னா கலரு?"

"யாருக்குத் தெரியும்? நான் ரெக்கைய பாத்துனு இருந்தேன்."

பாதி வழியில், "அண்ணே, பசிக்குது" என்றார். ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தேன். சட்னி ஆறிப்போயிருக்கிறது என்று ஓட்டல்காரருக்குக் கேட்கும்படி திட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

அந்தப் பறவை எதுவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆற்றில் தண்ணீர் இருக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் வண்டி கட்டுவேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் தோஸ்து, உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
சின்னசாமி