சனியின் நிலாவில் காற்று இருக்கிறதாம்

நவம்பர் 1997

என் கண்ணான தம்பிக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்கு உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். முத்தாபுதுப்பேட்டையில் யாரைக் கேட்டும் எனக்குத் தெளியவில்லை.

உன் மகள் செல்வி மேல்படிப்புக்குப் பெங்களூர் போகிறேன் என்கிறாள். ரசாயனமாம். தாயும் இல்லாத பெண். விண்ணப்பத்தில் கார்டியன் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவு தூரம் எதற்குடி என்றேன். சனி கிரகத்தைச் சுற்றுகிற ஒரு நிலாவைப் பற்றிப் படிக்கணுமாம். ஏழரையில்தானே உன்னைப் பறிகொடுத்தோம்?

"அந்தப் பேர ஊட்ல சொல்லாதடி" என்றேன்.

"அத்தே, அந்த நிலாவுல கெட்டியா காத்து கீது. நம்ம காத்துல நெறைய கீதே நைட்ரஜன், அதான் அங்கியும்."

"அப்ப ஜனங்க கீறாங்களா?"

"மூச்சு வுட ஆக்சிஜன் இல்ல. குளிர்ல தண்ணியே பாறையா கெடக்கும். மழைகூட மீத்தேனா பெய்யலாம்ன்றாங்க. ஏரிச் சேத்துல குமிழி வுடுதே, அந்த வாயு."

"கர்மம்! அதுல போய் குடித்தனம் பண்ணப் போறியா?"

சிரித்தாள். உயிர் உண்டாவதற்கு முன்னால் நம் பூமிக் காற்றும் கொஞ்சம் அப்படித்தான் இருந்திருக்குமாம். அதைப் பார்க்கத்தான் போன மாதம் ராக்கெட் விட்டிருக்கிறார்களாம். போய்ச் சேர ஏழு வருஷமாம். ஏழா, ஏழரையா என்று கேட்டேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுற்றினேன். சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்றிய கையோடு, பக்கத்தில் இன்னொன்றும் ஏற்றிவிட்டேன். குருக்கள் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கும்மா?"

"இவரோட நிலாவுக்கு சாமி."

"சந்திரன் அதோ நிக்கிறார். இவருக்கு ஏதும்மா தனி நிலா? இந்த ஒம்பது பேரையே சமாளிக்க முடியல!"

குழப்பத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். உன் உயிரை எடுத்தவர், அங்கே உயிருக்கு இடம் பண்ணி வைத்திருக்கிறாரா? அப்படியானால் இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துப் பயந்தேன்? நீ இருந்தால் அவளைப் போகச் சொல்லியிருப்பாயா?

விண்ணப்பத்தில் உன் பெயரை அவள் கையால் முத்து முத்தாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன் தம்பி. புரிந்து போடவில்லை.

சனிக்கிழமை விரதமெல்லாம் அவளுக்கு வராது. அவள் படித்து முடிக்கிற வரைக்கும் அவள் பங்குக்கும் சேர்த்து நானே இருக்கிறேன். பயந்துபோய் பாதியில் அவளைத் திரும்பக் கூப்பிட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு மூத்தவளாகப் பிறந்தும் இன்னும் இங்கேயே இருக்கிற,
உன் அக்கா