அமெரிக்காவுக்கு நடந்தே போகும் வழி

ஆவூர்,
செப்டம்பர் 11

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது.

மாதாவின் தயவால் இங்கே அனைவரும் நலம். உன் அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, உன் தம்பி பிரசாந்துக்கு உள்ளங்காலில் கொப்புளம், எனக்கு ஒன்றுமில்லை, நான் வேளாங்கண்ணிக்கு வேனில் போனவன். அமெரிக்காவில் நீயும் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, மருத்துவமனை வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எல்லாவற்றையும் சொல்லலாம்தான், ஆனால் போனில் பேசினால் உன் அம்மா குறுக்கே பேசுவாள், செய்தி சிதறிவிடும். பத்திரிகையில் நிருபராக இருந்தவனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் தூக்கம் வரும்.

பிரசாந்துக்கு இரண்டாவது முறையும் அமெரிக்க மாணவர் விசா கிடைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். படிப்பு முடிந்து ஊர் திரும்புவான் என்ற நம்பிக்கை வரவில்லையாம். அதைக் கேட்டு உன் அம்மாவுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கீரனூருக்குப் போனாலே ராச்சோத்துக்கு வீட்டுக்கு ஓடியாற பயல, திரும்பி வரமாட்டான்னு எந்த மகராசன் சொன்னான் என்று தெருவில் நின்று கேட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் நிலவழகன் என்று ஓர் ஏஜென்ட், திருச்சிப் பக்கம், கூர்மூக்குச் செருப்பும் வெள்ளைச் சட்டையுமாக நம் வீட்டுக்கு வந்தார். விசாவே வேண்டாம், ஏதேதோ நாடுகளுக்கு விமானத்தில் போய், மீதியைக் காட்டு வழியாக நடந்தால் அமெரிக்கா என்றார். உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? அதுக்கென்ன சார், நான் வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு வெறுங்கால்ல நடக்குறவன், இது ரெண்டு வேளாங்கண்ணி தூரம் இருக்குமா என்று கேட்டான். ஏஜென்ட் சற்று யோசித்துவிட்டு, கூடக் கொறைய இருக்கும் தம்பி என்றார். இவன் அடுத்த கேள்வியாக, சாப்பாட்டு வேன் பின்னாடியே வருமா என்று கேட்டான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. கிணற்றடி வயலை விற்றுத் தரும்படி அவன் கேட்டான், உன் அம்மாவும் பாதி சாய்ந்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் பெரிய விவாதம். ஒரு நாட்டுக்கு வாசல் என்று ஒன்று இருந்தால் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்றேன். வாசக்கதவப் பூட்டி வச்சுக்கிட்டு, கொல்லப்பக்கமா வந்தான்னு கத்துனா எப்படிங்க என்றாள். வாசல் வழியாகப் போன உன்னையே சாட்சிக்கு இழுத்தாள். முறைப்படி போய், வரி கட்டி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியும் நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்கு நீ இன்னும் வரிசையில்தானே நிற்கிறாய். பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை குத்த அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று பயந்து ஒரு திருவிழாவுக்கும் வர முடியவில்லை. பிறந்த நாட்டைப் பார்த்துத்தான் வரிசை, இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது மிக நீளம் என்று நான் விளக்கினேன். இத மொதல்லயே சொல்லியிருந்தா இவள வேற எங்கிட்டாச்சும் போயிப் பெத்திருப்பேனே என்றாள். காட்டு வழியில் போகிறவர்களைத் திருடர்கள் என்று நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஆனால் அப்படிப் போன மகனின் போனுக்காக, கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுக்காமலே வைத்திருந்த ஒரு தாயை வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். அது உன் அம்மாவாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

அதனால் ஏஜென்டிடம் நிதானமாகப் பேசினேன். காட்டில் யார் கூட வருவார்கள் என்று கேட்டேன். நானே வருவேன் சார், வழி எனக்கு அத்துப்படி என்றார். சரி, முதலில் எங்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து வாருங்கள், பிறகு வயலைப் பற்றிப் பேசலாம் என்றேன். ஊர்க்கூட்டத்தில் நடக்கும் இளவட்டங்களில் இன்னும் நாலு பேரைப் பிடிக்கலாம் என்று நினைத்ததும் அவர் முகம் மலர்ந்தது, உடனே சம்மதித்தார். பிரசாந்துக்கும் ஒரு நிபந்தனை போட்டேன். காட்டில் வேன் கிடையாது, ஆகவே இந்த முறை வேனிலிருந்து ஒரு பருக்கை வாங்கக் கூடாது. ப்பூ, இவ்வளவுதானா என்றான்.

காவி வேட்டி கட்டி, கொடி பிடித்து, பாட்டுப் பாடிப் புறப்பட்டார்கள். ஏஜென்டும் காவி கட்டி, செருப்பை வேனில் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார். உன் அருள்தாஸ் சித்தப்பா வேனை ஓட்ட, நான் முன் இருக்கையில் எல்லைக் காவல் அதிகாரியைப் போல உட்கார்ந்திருந்தேன். கந்தர்வகோட்டை வரை பிரசாந்த் வேன் பக்கம் திரும்பவே இல்லை. அதன் பிறகு வேனை ஒட்டியே நடந்தான். எலுமிச்சைச் சோற்று வாசனைக்கு மூக்கு மட்டும் உள்ளே வந்துபோனது. நான் கண்ணை மூடினால் போதும், கூட நடந்துவந்த உன் அம்மா பின் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து அவனிடம் கடத்திவிடுவாள். ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அது தானா விழுந்துச்சுங்க என்றாள். பொட்டலத்துக்குள் அப்பளமும் இருந்தது.

தஞ்சாவூரில் மதியம் எல்லோரும் படுத்து எழுந்து புறப்பட்டபோது ஏஜென்டைக் காணோம். தேடினோம், போன் அணைந்து கிடந்தது. மறுநாள் நாங்கள் திருவாரூர்ப் பக்கம் இருக்கும்போது அவரே பிரசாந்தைக் கூப்பிட்டார். தம்பி, கோயிலுக்கு வந்துட்டேன், நீங்கள்லாம் எங்கிட்டு இருக்கீங்க, கூட்டம் நல்ல கூட்டம், ஆனா கடல எங்கயும் காணோமே, இங்கிட்டு ஆறுதான் கெடக்கு என்றார். விஷயம் என்னவென்றால், தூங்கி எழுந்தவர், காவி கட்டி மாதா தேரோடு போன வேறொரு கூட்டத்தின் பின்னால் போயிருக்கிறார். அது பூண்டி மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம். நாங்கள் கிழக்கே போக, அவர் வடமேற்கே போயிருக்கிறார். அருள்தாஸ் சிரித்த சிரிப்பில் வேன் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. யோவ், அமெரிக்கான்னு இவரு நம்மள அரியலூர்ல எறக்கிவிட்டுருப்பாருய்யா என்று கத்தினான்.

பிரசாந்தும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்தான். ஊருக்கு ஊரு மோரு குடுக்குற ரோட்டுலயே இந்த ஆளு வழி தப்புறாரு, யாருமே இல்லாத காட்டுல என்னப்பா பண்ணுவாரு என்று என்னைக் கேட்டான். வேன் கதவைத் திறந்துவிட்டேன். ஏறாமல் நின்றபடியே மூன்று பொட்டலம் சாப்பிட்டுவிட்டு, மீதித் தூரத்தையும் நடந்தே வந்தான். வயல் இப்போது பத்திரம். மூன்றாவது முறை விசாவுக்கு விண்ணப்பிக்கப்போகிறான். அதுவரை திருச்சியில் ஒரு வேலையில் சேர்கிறான், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவானாம்.

வேளாங்கண்ணியில் காணிக்கைக் கடையில் உன் அம்மா வெகுநேரம் நின்றாள். மெழுகில் செய்த தொட்டில், கை, கால், விமானம் எல்லாம் இருந்தன. வெளிநாட்டு வேண்டுதலுக்கு விமானம்தாம்மா நல்லா போகுது என்றார் கடைக்காரர். வெமானம் அந்த ஏஜென்டுக்கிட்டயும்தான் இருக்கு, எனக்கு ஒரு கதவு குடுங்க என்றாள். கதவு தனியா வராதும்மா, வீட்டோடதான் வரும் என்றார். வேறு வழியில்லாமல் மெழுகு வீடு ஒன்றை வாங்கிப் போய் மாதா முன்னால் வைத்தாள். வீடு எம் மகளே கட்டிக்குவா தாயே, நீ இந்தக் கதவ மட்டும் பாத்துக்க என்று கும்பிட்டாள்.

நீ வரிசையை விட்டு நகராதே ஆத்தா. இந்தப் பக்கம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். தம்பிக்குப் போன் செய், ஏஜென்ட் பேச்சை மட்டும் எடுக்காதே, எடுத்தால் சிரித்துவிடுவாய், அவனுக்குக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கூர்மூக்குச் செருப்பு நம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அதை எடுத்துப்போக ஏஜென்ட் வழி கேட்டுப் போன் செய்தார், சொல்லியிருக்கிறேன். இன்னும் வந்து சேரவில்லை.

மாதா உன் கையைப் பிடித்து நடத்தட்டும்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா,
அடைக்கலம்