தரிசு நிலத்தில் ஆளுயரச் சோளம்

அன்புள்ள மகனுக்கு, உன் சித்தி எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே எனக்குக் குரல் ஏறிவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நிலத்தை ஒரு போகம் விதைக்காமல் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறதல்லவா? மண்ணுக்கு ஓய்வாம். எனக்கு ஓய்வு கொடுக்கத்தான் இதுவரை ஒரு திட்டமும் வரவில்லை. போன வாரம் வேளாண்மை அதிகாரி வந்து, உன் அப்பாவின் வயலில் ஆளுயரத்துக்கு நிற்கும் மக்காச்சோளத்தைப் பார்த்துவிட்டு, "தரிசுன்னு மானியம் வாங்கிட்டு இது என்னங்க?" என்று கேட்டாராம். உன் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. பணமோ அண்ணன் தம்பி கூட்டுக் கணக்குக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டது. திருப்பிக் கட்டாவிட்டால் இனி எந்த மானியமும் கிடையாதாம்.

உன் அப்பா பாங்கு வாசலை மிதிப்பதே இல்லை. அதனால் பழி உன் சித்தப்பா தலையில் விழுந்தது. வரப்பில் எதிரே வந்தால்கூட உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எங்கள் பக்கம் வரும் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? இவர் புதுச் செருப்போடு வந்த அன்று சட்டைப் பையைத் துழாவினேன். "என்னத்தடி தேடுற?" என்றார். தீப்பெட்டி என்றேன். பீடி, சிகரெட் என்று எதையும் தொடாத மனுஷன்! என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

நேற்று உன் சித்தப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். விண்ணப்பத்தோடு வந்த வயல் படத்தை அதிகாரி கம்ப்யூட்டரில் காட்டினார். அறுப்பு முடிந்த வெறும் வயல். ஓரத்தில் குனிந்து மோட்டார் குழாயைச் சரிசெய்கிறவர் சாட்சாத் உன் சித்தப்பாதான். படத்தில் இருக்கிறவர் எப்படிப் படம் எடுப்பார்?

குழாய் வெடித்த அன்று நான் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேதான் நின்றேன். உன் அப்பா மோட்டாரை நிறுத்த ஓடினார். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். கையில் போன் வைத்திருந்தது யாரென்று நானே சொல்ல வேண்டுமா? அந்தக் கூட்டுக் கணக்கின் இன்னொரு ஏ.டி.எம். கார்டு உன்னிடம் இருப்பதை உன் அப்பா மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். "படம் மங்கலா இருக்கு சார், யாருன்னு தெரியல" என்றார். ராத்திரி தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை உன் அப்பா போலீசில் தம்பி பேரில் எழுதிக் கொடுக்கப் போகிறார். உன்னைத் திட்ட எழுதவில்லை, ராசா. என்ன கஷ்டமோ, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் வயிறு எரிகிறது. திங்கட்கிழமைக்குள் உன் அப்பாவிடம் நீயே பேசிவிடு. நான் சொன்னால், "புருஷனைக் காப்பாத்த என் புள்ளைய மாட்டி விடுறியா?" என்பார். இவரோ, ஜெயிலுக்குப் போனாலும் உன் பெயரைச் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் சித்தி