நம் வாசலில் இல்லாத ஓலை

திண்டிவனம்,
ஜூன் 27.

அன்புள்ள அஸ்வினி அப்பாவுக்கு,

இருதயமேரி பணிவுடன் எழுதுவது. நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலப் புட்டியை ஜெயில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தெருவே எரிந்தபோது நம் வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை, நான் பின்னிச் செருகிய குருத்தோலைச் சிலுவைதான் காத்தது, சாமியாரிடம் சொல்லி நன்றிப் பூசை வை என்று எழுதியிருக்கிறீர்கள். சாமியாரும் அதையேதான் சொல்கிறார். கோயிலுக்குப் போனால் பெண்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல் இருக்கிறது.

நேரில் சொல்லத்தான் போன செவ்வாய்க்கிழமை கடலூர் வந்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொல்லும் விஷயமா இது? அதனால் எழுதுகிறேன். அன்று நம் வாசலில் சிலுவை இல்லை.

பக்கத்து வீட்டு அன்புச்செல்விக்கு இரண்டு தடவை கலைந்து போனது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை மூன்று மாதம் நின்றதும் ஓடி வந்தாள். நாங்க மாரியாத்தா கும்புடுறவங்கதான், இருந்தாலும் உங்க ஓலையக் குடுங்கக்கா, எங்க வாசல்ல சொருகிக்கிறேன் என்றாள். கோயிலில் வீட்டுக்கு ஒரு ஓலைதானே கொடுத்தார்கள். நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது நம் வாசல் நிலையிலிருந்து எடுத்து அவள் வாசல் நிலையில் நானே செருகினேன். அடுத்த குருத்து ஞாயிறு வரை நீங்கள் அண்ணாந்து பார்க்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அந்தோணியார் சப்பரத்தை ஊர்த்தெரு வழியாக எடுத்ததற்கு உங்களைப் போலீஸ் வேனில் ஏற்றிப் போனார்களே, அன்று சாயங்காலம் ஊர்த்தெரு ஆட்கள் வந்தார்கள். அஸ்வினியின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஓலை சொருகின வூடா பாத்துக் கொளுத்துங்கடா என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. நம் வாசலில் நின்று பார்த்தார்கள். அடுத்த வாசலுக்குப் போனார்கள். அது எங்கள் சிலுவை என்று நான் கத்தவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை.

அன்புச்செல்வி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இரண்டு கையும் முதுகும் வெந்து போயிருக்கின்றன. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, நாளைக்கு எப்படியோ தெரியாது என்கிறார் டாக்டரம்மா. நான்தான் சோறு ஊட்டுகிறேன். அந்த ஓலை இருந்ததாலதான் எங்க ரெண்டு உசுரும் மிஞ்சுச்சுக்கா, இன்னொண்ணு பின்னிக் குடுங்க, கட்டில்ல கட்டிக்கினு படுக்குறேன் என்று நேற்று சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பனங்குருத்து வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் மடிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுக் கொடுக்கவா, சொல்லாமல் கொடுக்கவா? அவள் நம்பிக்கொண்டிருப்பதையும் நான் பிடுங்கிவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? உடனே பதில் போடுங்கள்.

நன்றிப் பூசைக்கு நான் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜெபமாலையை எடுத்தால் இரண்டு முத்துக்கு மேல் என்னால் உருட்ட முடியவில்லை. உங்களால் முடிந்தால் நீங்கள் அங்கிருந்து ஜெபம் சொல்லுங்கள். நமக்காக எதுவும் கேட்க வேண்டாம். நம் பங்குக்கு ஆண்டவர் காப்பாற்றியது போதும். அவளுக்காகவும் அந்தக் குழந்தைக்காகவும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருதயமேரி