வம்சத்து மூக்கு

படத்தைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு,

வீட்டை விட்டுப் போகும்போது நீ எடுத்துக்கொண்டது குளிர்காயும் கணப்படுப்புக்கு மேலே தொங்கிய அந்தப் பழங்கால வானியலாளரின் அச்சுப்படம் ஒன்றைத்தான். தேநீருக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் மூக்கையும் அவர் மூக்கையும் பாருங்க, எங்க வம்சத்து மனுஷன்!" என்று அளப்பாயே, அதே படம்.

சுவரில் வெளுத்துத் தெரிந்த இடத்தை மறைக்க ஏதாவது கிடைக்குமா என்று பிரெஸ்டன் நகரில் ஒரு பழைய படக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டிக்குள் உன் முன்னோர் கிடந்தார். அதே சுருள்முடி, அதே மூக்கு. கீழே மட்டும் ஏதோ ஒரு பாதிரியாரின் பெயர். கடைக்காரி திருமதி என்ட்விசில் சிரித்துவிட்டாள். "அந்தக் காலத்துல படம் அச்சடிக்கிற செப்புத்தகடு விலை ஜாஸ்திம்மா. பழைய பேரைச் சுரண்டிட்டு வேற பேரை வெட்டிருவாங்க. மூஞ்சி யாரோடதுன்னு யாரு கண்டா?"

பாதிரியாரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் கும்பிட்டுக்கொள்.

உன் வம்சத்து அசல் மூக்கு இங்கே நம் மகளின் முகத்தில் இருக்கிறது. ஒரு வாரமாகச் சளி பிடித்து ஒழுகுகிறது. அதை எடுத்துப் போகத்தான் உனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
அதைத் துடைத்துக்கொண்டிருப்பவள்